பர்மிய எண்களுக்கு 66 அட்டை: புணர்ச்சியோடு படிக்கும் கட்டு

பர்மிய மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை மனப்பாடம் செய்ய ஒரு மணி நேரம் போதும். அப்படிப் படித்துவிட்டு யாங்கோனில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு எண்ணும் காதில் பிடிபடாது. பட்டியலில் படித்த 'ஒன்று' அங்கே ஒலிக்காது, அதன் குறுகிய வடிவம்தான் ஒலிக்கும். 'கோப்பை' மூன்றுக்குப் பின்னால் ஒரு மாதிரியும் ஆறுக்குப் பின்னால் வேறு மாதிரியும் வரும். பர்மிய எண்களில் கடினமான பகுதி சொற்கள் இல்லை, சொற்களுக்கு நடுவே உள்ள மூட்டுகள்.

அந்த மூட்டுகள் தமிழருக்குப் பழக்கமானவை. ஒன்று என்பது 'ஒரு' ஆவதும், நூறு என்பது 'நூற்று' ஆவதும், 'பந்து' என்ற சொல்லில் ந் பட்டதும் த மெலிவதும் நாம் யோசிக்காமல் செய்வது. பர்மிய மொழியும் இந்த மூன்று வேலையையும் செய்கிறது. அதனால் ஆங்கில எழுத்துப் பட்டியலை விட்டுவிட்டு, தமிழ் எழுத்தில், மூட்டுகளோடு ஒரு அட்டைக் கட்டு செய்து படிப்பது நல்லது. அந்தக் கட்டைச் செய்யும் முறையும் எங்கெங்கே தப்பு வரும் என்பதும் இங்கே.

தேவையானவை கொஞ்சம்தான். விசிட்டிங் கார்டு அளவில் வெட்டிய 66 கெட்டி அட்டை (கெட்டுப்போனால் மாற்ற இன்னும் 10), நான்கு நிற ஸ்கெட்ச் பேனா, ஒலிப்பதிவுக்கு ஒரு போன், பர்மிய மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரிடம் அரை மணி நேரம். அட்டைக் கணக்கு இது. 0 முதல் 9 வரை 10, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம் என 6, குறுகிய வடிவம் 3, தொடரும் வடிவம் 3, எண்ணும் அலகுகள் (எண்ணோடு வரும் 'பேர்', 'கோப்பை' போன்ற சொற்கள்) 8, பெயர்ச்சொல் 20, வினை 10, வினைக்குப் பின்னால் ஒட்டுபவை 6.

எழுதும் முறை

பர்மிய ஒலிகளைத் தமிழில் எழுத ஸ்லோகப் புத்தகங்களின் வழக்கமே கைகொடுக்கும். க² என்றால் மூச்சோடு வரும் க, க³ என்றால் 'தங்கம்' என்ற சொல்லில் வரும் மெலிந்த க. த², த³, ப², ப³ எல்லாம் அதே கணக்கு. ச எப்போதும் 'அச்சம்' என்பதில் வரும் ச, மற்றதற்கு ஸ. அதன் மெலிந்த வடிவம் ஃஜ. நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்து ஊதும் ஒலிக்கு ஃத. சென்னை பர்மா பஜார் பக்கம் விற்கும் பர்மிய நூடுல்ஸான 'அத்தோ' இந்த முறையில் அஃதோ' ஆகும். நாம் அதை த் என்ற வல்லினமாக்கி, கடைசியில் உள்ள வெட்டையும் விட்டுவிட்டோம்.

அந்த வெட்டு முக்கியம். பர்மிய மொழியில் நான்கு சுரம் உண்டு, நான்குக்கும் நான்கு நிறம். சமமாகத் தாழ்ந்து நீள்வது நீலம், அதற்குக் குறி கிடையாது. உயர்ந்து தொடங்கி நீண்டு இறங்குவது சிவப்பு, குறி (:). தொண்டையை இறுக்கிச் சட்டென முடிவது பச்சை, குறி (·). தொண்டையை மூடி வெட்டுவது கறுப்பு, குறி ('). பர்மிய எழுத்திலும் உயர்சுரத்துக்கு இரட்டைப் புள்ளியும் இறுக்கத்துக்கு அடியில் ஒற்றைப் புள்ளியும் போடுவார்கள், எனவே இந்தக் குறிகள் பிறகு எழுத்துப் படிக்கும்போதும் பயன்படும்.

சுரத்தைப் பழக ஒரே ஒரு நால்வர் குழு போதும். ஸ· என்றால் தொடங்கு, ஸா என்றால் எழுத்து, ஸா: என்றால் சாப்பிடு, ஸ' என்றால் காரம். முதல் இரண்டு நாள் இந்த நான்கை மட்டும் பதிவைக் கேட்டுச் சொல்லுங்கள், வேறு அட்டையைத் தொட வேண்டாம். இங்கே அவசரப்படுகிறவர்கள் பிறகு எல்லா அட்டையையும் திரும்பப் படிக்க வேண்டிவரும்.

வெட்டுக்கு நம்மிடம் ஒரு சாவி இருக்கிறது. 'கட்டு' என்று சொல்லத் தொடங்கி, 'டு' வெடிப்பதற்கு முன்னால் நிறுத்துங்கள். கிட்டத்தட்ட அந்த நிறுத்தம்தான். பின்னால் வேறு மெய் வந்தால் வெட்டு அந்த மெய்யை இரட்டிக்க வைக்கும், நம் ஒற்று மிகுவதைப் போல. சொல்லின் கடைசியில் வரும் ன் இன்னும் சுலபம். பேச்சில் 'நான்', 'வந்தான்' என்ற சொற்களின் கடைசி ன்னை நாக்கால் தொடாமல் மூக்கில் விடுகிறோமே, அதேதான். எழுத்துத் தமிழ்போல ன்னை அழுத்திச் சொன்னால் பர்மியக் காதுக்கு விநோதமாக இருக்கும்.

எண் அட்டைகள்

0 ஃதோன்ஞ·
1 தி'
2 ஹ்னி'
3 ஃதோன்:
4 லே:
5 ஙா:
6 ச²வு'
7 கு²ன்னி'
8 ஷி'
9 கோ:
10 தஸே

ஐந்தைப் பலரும் 'நா' என்கிறார்கள். தவறு. 'இங்ஙனம்' என்று சொல்லி, 'இங்' பகுதியை மெதுவாக விட்டுவிட்டால் சொல்லின் முதலில் ங வந்துவிடும். இரண்டில் வரும் ஹ்ன, வாயை மூடி மூக்கால் ஊதிவிட்டுச் சொல்லும் ன. பத்தில் வரும் ஏ அகலமானது, 'பேங்க்' என்பதை நாம் சொல்லும் ஏ. நான்கில் வரும் ஏ 'வேலை' என்பதன் ஏ. வினைக்குப் பின்னால் ஒட்டும் தே, மே, லே: எல்லாம் அகல ஏதான்.

1, 2, 7, 8 நான்கும் ஒரே ஓசையில், இ' என்று முடிகின்றன. போனில் நம்பர் கேட்கும்போது தவறு வருவது பெரும்பாலும் இங்கேதான். மியான்மார் செல்பேசி எண்கள் 09 என்று தொடங்கும் (ஃதோன்ஞ·, கோ:), அதுவரை எல்லோருக்கும் சரியாக வரும். அதற்குப் பிறகு தி'யும் ஷி'யும் குழம்பும். இந்த நான்கு அட்டைகளைத் தனியாக எடுத்துக் கலைத்து, முடிவைக் கேட்காமல் தொடக்க ஒலியை மட்டும் பிடிக்கப் பழக வேண்டும்.

ஆங்கில எழுத்தில் உள்ள பட்டியல்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் டி, எச் என்ற வரிசை ஃத ஒலியைக் குறிக்கும். எச், டி என்ற வரிசை த² ஒலியைக் குறிக்கும். தமிழ்க் கண் முதலாவதைப் பார்த்ததும் 'த' என்று படித்துவிடும். மூன்று 'தோன்' ஆவது அப்படித்தான்.

முதல் மூட்டு, குறுகல்

ஒன்று + பேர் என்பது நமக்கு 'ஒருவர்'. பர்மிய மொழியில் 1, 2, 7 மூன்றும் பின்னால் அலகோ பத்து, நூறோ வந்தால் குறுகும். தி' என்பது த, ஹ்னி' என்பது ஹ்ன, கு²ன்னி' என்பது கு²ன்ன. இந்த த, ஹ்ன, ன்ன மூன்றிலும் உயிர் அகரம்கூட முழுதாக இராது. நம் குற்றியலுகரம்போல வந்தது தெரியாமல் போகும். 20 ஹ்னஸே, 70 கு²ன்னஸே, 100 தயா, 200 ஹ்னயா. மற்ற எண்கள் குறுகுவதில்லை.

இரண்டாம் மூட்டு, மெலிவு

கட்டிலேயே அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. வல்லின ஒலி, உயிருக்கோ மூக்கொலிக்கோ பின்னால் வந்தால் மெலியும். வெட்டுக்குப் பின்னால் வந்தால் வல்லினமாகவே நிற்கும். தமிழில் 'தங்கம்' மெலிகிறது, 'பக்கம்' மெலியவில்லை. அதே ஞாயம்தான்.

எண்களில் வெட்டு இல்லாமல் முடிபவை 3, 4, 5, 9 நான்கும்தான். எனவே இந்த நான்குக்குப் பின்னால் மெலிவு, மற்ற ஐந்துக்குப் பின்னால் வல்லினம். 30 ஃதோன்:ஃஜே, 40 லே:ஃஜே, 50 ஙா:ஃஜே, 90 கோ:ஃஜே. ஆனால் 60 ச²வு'ஸே, 80 ஷி'ஸே. 20, 70 இரண்டும் குறுகியபின் உயிரில் முடிவதுபோலத் தோன்றும், ஆனாலும் மெலியாது. குறுகுவதற்கு முன்னால் அங்கே வெட்டு இருந்ததே காரணம்.

டீக்கடைக் கோப்பையை வைத்துப் பழகினால் ஒரே மூச்சில் எல்லாம் வந்துவிடும். கோப்பை அலகு க்²வெ'. தக்²வெ', ஹ்னக்²வெ', ஃதோன்:க்³வெ', லே:க்³வெ', ஙா:க்³வெ', ச²வு'க்²வெ', கு²ன்னக்²வெ', ஷி'க்²வெ', கோ:க்³வெ'. அட்டையில் 3, 4, 5, 9 ஆகிய எண்களின் வலது ஓரத்தில் ஒரு சின்ன அலைக்கோடு போடுங்கள். அலைக்கோடு இருந்தால் அடுத்த அட்டை மெலியும்.

இந்த விதியைச் சென்னைக்காரர்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருக்கிறார்கள். அத்தோ கடையில் தட்டில் நொறுக்கிப் போடும் 'பேஜோ' இருக்கிறதே, அதில் பே: என்பது பருப்பு, சோ என்பது பொரித்தது. பே: உயிரில் முடிவதால் சோ மெலிந்து ஜோ ஆயிற்று. மீன் குழம்பு நூடுல்ஸான 'மோஹிங்கா'வின் கடைசி கா³:வும் மூக்கொலிக்குப் பின் மெலிந்த கா²:தான். ரங்கூன் என்ற ஊர்ப்பெயரும் இப்படியே. பர்மிய எழுத்தில் அங்கே வல்லினக் ககரம்தான் இருக்கிறது, வாயில் மெலிகிறது. தமிழில் ங் போட்டுக் க எழுதி மெலிவாகப் படிக்கிறோம். ர என்று எழுதி ய என்று படிப்பதால் அவர்கள் வாயில் அது யாங்கோன். பழைய தமிழ்ப் பெயர் எழுத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பணம் போகும் இடம்

ஆயிரம் த²வுன். பத்தாயிரம் ஃதவுன்:. லட்சம் ஃதெய்ன்:. பத்து லட்சம் ஃதான்:. கோடிக்கு க³தே, பாலி 'கோடி'யின் வழிவந்த சொல், ஆகவே நமக்கு உறவு. பர்மியர் நம்மைப்போலவே லட்சக் கணக்கில் விலை பேசுவார்கள், அது வசதி. ஆனால் ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே தமிழ் நாக்குக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது.

4,000 என்பது லே:த³வுன். 40,000 என்பது லே:ஃதவுன்:, பேச்சில் இந்த ஃத பெரும்பாலும் மெலிந்து 'அது' என்ற சொல்லின் த ஆகிவிடும். இப்போது தமிழர் 4,000 சொல்ல முயல்வதைக் கவனியுங்கள். லே: உயிரில் முடிகிறது. உயிருக்குப் பின் வரும் தகரத்தைத் தமிழ் நாக்கு தானாகவே 'அது' தகரமாக்கும். வாயிலிருந்து வருவது நாற்பதாயிரம். கடைக்காரர் 4,000 சொல்லி நீங்கள் அதையே திருப்பிச் சொன்னாலும் அவருக்குப் பத்து மடங்கு கேட்கும்.

திருத்தம் இரண்டு. ஒன்று, ஆயிரத்தில் 'பந்து' என்பதன் தகரம் வேண்டும், நாக்கு பல்லின் பின்பக்கத்தை முழுதாக அடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். பழகும்வரை மனத்துக்குள் ஒரு ந் வைத்து 'லே:ந்-தவுன்' என்று சொல்லிப் பார்த்து, பிறகு அந்த ந்தை எடுத்துவிடலாம். இரண்டு, சுரம். ஆயிரம் நீலம், சமமாகத் தாழ்ந்திருக்கும். பத்தாயிரம் சிவப்பு, உயர்ந்து இறங்கும். மெய் தவறினாலும் சுரம் சரியாக இருந்தால் கேட்பவர் பிடித்துக்கொள்வார். இரண்டு அட்டையையும் அடுத்தடுத்து வைத்து 3, 4, 5, 9 நான்கோடும் சேர்த்து நாளுக்கு இருபது முறை சொல்வது வீண் இல்லை. இந்த ஒரு ஜோடிக்காகவே கட்டு செய்தாலும் தகும்.

மூன்றாம் மூட்டு, தொடரும் வடிவம்

இருபது முடிந்த எண். 'இருபத்து' என்றால் இன்னும் ஏதோ வருகிறது. நூறு, நூற்று, ஆயிரம், ஆயிரத்து. பர்மிய மொழி இதையே சுரத்தால் செய்கிறது. நீலத்தில் இருக்கும் ஸே, யா, த²வுன் மூன்றும் பின்னால் எண் தொடர்ந்தால் பச்சையாகி இறுகும். 25 ஹ்னஸே·ஙா:. 350 ஃதோன்:ய·ஙா:ஃஜே. 3,500 ஃதோன்:த³வுன்·ஙா:யா. ஃதவுன்:, ஃதெய்ன்:, ஃதான்: மூன்றும் சிவப்பு என்பதால் மாறாது. 12,000 வெறுமே தஃதவுன்:ஹ்னத²வுன்.

இதைத் தெரிந்தவருக்குக் கேட்பதில் ஒரு லாபம் உண்டு. யா என்று நீண்டு முடிந்தால் விலை முடிந்தது. ய· என்று வெட்டுப்பட்டால் சில்லறை இன்னும் வருகிறது. பதினொன்று முதல் பத்தொன்பது வரை முன்னால் உள்ள 'த'வும் பேச்சில் விழுந்துவிடும். 15 ஸே·ஙா:, 50 ஙா:ஃஜே.

அலகு இல்லாமல் எண் நிற்காது

வரிசை எப்போதும் பொருள், எண், அலகு. மனிதருக்கு யவு', விலங்குக்கு கவுன், உருண்டையானவற்றுக்கு லோன்:, வண்டிக்கு ஸீ:, தட்டுச் சாப்பாட்டுக்கு ப்வே:, புட்டிக்கும் டப்பாவுக்கும் பூ³:, கோப்பைக்கு க்²வெ'. எதுவும் நினைவுக்கு வராவிட்டால் பொதுவாக கு²·. இவற்றில் யவு', லோன்:, பூ³: மூன்றும் எந்த எண்ணுக்குப் பின்னாலும் மாறாது, மற்றவை அலைக்கோட்டுக்குக் கட்டுப்பட்டவை. எனவே மூன்று தட்டு ஃதோன்:ப்³வே:, ஆறு தட்டு ச²வு'ப்வே:.

அலகின் அருமை மீன் கடையில் தெரியும். மீனும் ஙா:, ஐந்தும் ஙா:, சுரம்கூட ஒன்றே. ஐந்து மீன் என்பது ஙா: ஙா:க³வுன். கடைசியில் க³வுன் வருவதால்தான் முன்னது மீன், பின்னது எண் என்று பிரிகிறது.

20, 30, 50 போன்ற முழு எண்களில் வரிசை புரளும், அலகு முன்னால் வரும். மூன்று பேர் ஃதோன்:யவு'. இருபது பேர் அயவு' ஹ்னஸே. பணத்துக்கும் அப்படியே. மியான்மார் நாணயமான கியாட்டை அவர்கள் ச' என்பார்கள். 500 கியாட் ச' ஙா:யா, ஐம்பது லட்சம் ஃதெய்ன்: ஙா:ஃஜே. நோட்டின் ஒரு பக்கம் பர்மிய இலக்கம், மறுபக்கம் நாம் அறிந்த இலக்கம். சந்தையில் எழுதித் தொங்கவிடும் விலையில் அந்த உதவி கிடைக்காது. அதனால் எண் அட்டைகளின் பின்பக்கம் பர்மிய இலக்கத்தைக் கையால் எழுதுங்கள். 3-உம் 4-உம் கண்ணாடியில் பார்த்தது போன்ற ஜோடி, நிறையப் பேர் இதில் இடறுவார்கள். சுழியம் 'வ' எழுத்தின் அச்சு, 7 'ர' எழுத்தின் அச்சு. கணினியில் சுழியத்துக்குப் பதில் வ தட்டினால் கண்ணுக்குத் தெரியாது, தேடும்போது அகப்படாது.

பழைய இணையப் பட்டியலிலிருந்து பர்மிய எழுத்தை வெட்டி ஒட்டுவதாக இருந்தால் ஸாஜி எழுத்துருவா யூனிகோடா என்று பாருங்கள். மியான்மார் 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய பக்கங்களில் பெரும்பாலும் ஸாஜிதான். நம் பழைய தமிழ் எழுத்துருவான பாமினியில் எழுதியது எழுத்துரு மாறிப்போனால் குப்பையாகத் தெரியும், உடனே கண்டுபிடித்துவிடலாம். ஸாஜி அதே யூனிகோடு இடங்களை வேறு விதமாகப் பயன்படுத்தியதால் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் தெரியும். படிக்கத் தெரியாதவர் அந்தப் பிழையையே அட்டையில் எழுதிவிடுவார்.

சொற்கள்

பெயர், வினை அட்டைகளைத் தனிச்சொல்லாக எழுத வேண்டாம், ஒட்டோடு எழுதுங்கள். நடந்தது, நடப்பது இரண்டுக்கும் தே; இனி நடப்பதற்கு மே; இல்லை என்றால் முன்னால் ம, பின்னால் பூ²:; ஆமா-இல்லையா கேள்விக்கு லா:; என்ன-எவ்வளவு கேள்விக்கு லே:; மரியாதைக்கு நடுவில் பா. மெலிவு விதி இங்கேயும் ஓடுகிறது. ஸா:தே³ (சாப்பிடுகிறார்), ஆனால் ஸ'தே (காரமாக இருக்கிறது). மஷி·பூ³: (இல்லை), ஆனால் மஸ'பூ²: (காரம் இல்லை). எண்ணில் பழகியது வினையில் இலவசமாகக் கிடைக்கிறது.

கடையில் தேவைப்படுபவை சில. தா³ பே³லவு'லே: (இது எவ்வளவு). ஃஜே: சீ:தே³ (விலை அதிகம்). ஷொ·பா³ (குறையுங்கள்). பே:பா³ (கொடுங்கள்). ஷின்:மே (கணக்கு முடிக்கிறேன்). சே:ஃஜூ: தின்பா³தே³ (நன்றி). டீக்கடையில் நுழைந்ததும் பே³ ஹ்னயவு'லே: என்று கேட்பார்கள், எத்தனை பேர் என்று. டீ லபெ²'யே. மேசையில் வைத்திருக்கும் வெறும் பச்சைத் தேநீருக்குக் காசு கிடையாது. பரிமாறுபவரை அகோ (அண்ணன்), அம· (அக்கா) என்று வயது பார்த்துக் கூப்பிடலாம். தெரிந்தவர் பார்த்தவுடன் த²மின்: ஸா:பீ:பீ³லா: என்பார், சாப்பிட்டாச்சா என்று. நாம் பதில் சொல்வதைப் போலவே சொல்லிவிட்டு நகரலாம், அது விருந்துக்கு அழைப்பு இல்லை.

மணி நாயீ, எழுத்தில் நாரீ. நம் நாழிகைக்கு உறவு. மூன்றரை மணி ஃதோன்: நாயீ க்³வே:.

சந்தை எடைக்கு இரண்டு சொல் கட்டாயம். பெய்'ஃதா என்பது சுமார் 1.63 கிலோ. ஆங்கிலேயர் இதை விஸ் என்று எழுதினார்கள், அந்தச் சொல் நம் வீசையிலிருந்து போனது. ஆனால் சென்னை வீசை சுமார் 1.4 கிலோ, இரண்டும் சமமில்லை. ஒரு பெய்'ஃதாவில் நூறு ச'ஃதா:. பாதி வேண்டுமென்றால் ஙா:ஃஜேஃதா: (816 கிராம் அளவு). கால் வேண்டுமென்றால் ஹ்னஸே·ஙா: என்று தொடங்காதீர்கள், அதற்கு அஸெய்' என்று தனிச்சொல் இருக்கிறது. அஸெய்'ஃதா:, சுமார் 408 கிராம்.

ஒலிப்பதிவும் தேர்வும்

வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி. ஒவ்வொன்றையும் மூன்று முறை, நடுவில் இரண்டு நொடி விட்டு. பட்டியல் படிக்கிறவர் கடைசி முறை குரலை இறக்குவார், சுரம் கெடும். நடுவில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். தனி எண்களை மட்டும் பதிவு செய்தால் மூட்டு ஒன்றுகூடக் கிடைக்காது. ஒன்பது எண்ணையும் க்²வெ' சேர்த்தும், த²வுன் சேர்த்தும், ஃதவுன்: சேர்த்தும் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். போன் செயலியில் அட்டை ஏற்றுபவர்கள் முன்பக்கம் ஒலியை மட்டும் வையுங்கள். எழுத்து கண்ணில் பட்டால் காது வேலை செய்வதை நிறுத்திவிடும்.

இரண்டு வாரம் கழித்து 20 விலையை ஒருவர் வேகமாகச் சொல்ல, நீங்கள் இலக்கத்தில் எழுதுங்கள். 18 சரி என்றால் சந்தைக்குப் போகலாம். தவறியவற்றை எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள். பத்து மடங்கு தவறு என்றால் நீல-சிவப்பு ஜோடி. கடைசிச் சில்லறை விட்டுப்போனால் பச்சை காதில் விழவில்லை. ஒன்றும் எட்டும் மாறினால் தொடக்க ஒலி. அந்த வகை அட்டைகளை மட்டும் எடுத்து மூன்று நாள் ஓட்டிவிட்டு, புதிதாக 20 விலை சொல்லச் சொல்லுங்கள். பழைய 20 விலை மனப்பாடமாகியிருக்கும்.